முத்திரையிட்ட மடலும் இலவச அஞ்சற்பெட்டியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிறருக்கு வந்த கடிதத்தை அவருடைய அனுமதியின்றிப் பிரித்துப் படிக்கலாமா என்று மக்தபில் ஓதும் சிறுவனைக் கேட்டாலும் ‘கூடாது’ என்றே சொல்வான். ஆனால், பெரியவர்களாகிய நாம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கடிதங்கள் அனைத்தையும், கண்ணால் காணாத ஒரு நிறுவனத்தின் பெட்டகத்தில் வைத்துவருகிறோம். வாடகை கேட்காத அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, திறப்பவர் எதற்காகத் திறக்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வி இணையம் வந்த பிறகு பிறந்ததன்று. மனிதன் தன் சொல்லை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பத் தொடங்கிய நாள் முதல் இருந்துவருவது. மடலைச் சுமப்பவனால் அதைத் திறக்கவும் முடியும். அவன் திறவாமல் இருப்பதற்கு ஒவ்வொரு காலமும் ஏதேனும் ஒரு காவலைத் தேடியது. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இன்றைய இலவச மின்னஞ்சல் நம்மீது சுமத்தியிருக்கும் பொறுப்பு தெளிவாகும்.

மோதிரமும் முத்திரையும்

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்கு இஸ்லாமிய அழைப்பு மடல்களை அனுப்ப நாடினார்கள். முத்திரை இல்லாத மடலை அம்மன்னர்கள் படிக்கமாட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. முஹம்மது, ரசூல், அல்லாஹ் என்னும் மூன்று சொற்கள் மூன்று வரிகளாக அதில் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தைத் தம் மோதிரத்தில் வேறெவரும் பொறிக்கலாகாது என்றும் நபியவர்கள் தடுத்தார்கள். அவர்களுக்குப் பின் அது அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளுக்கு வந்து, உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அரீஸ் என்னும் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை. இச்செய்திகள் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளன.

முத்திரை இரண்டு உறுதிகளைத் தருகிறது. இதை எழுதியவர் இன்னார் என்பது ஒன்று. இடையில் எவரும் இதைப் பிரிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது உறுதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. ஒருவருக்கு ஒரு இலட்சம் திர்ஹம் கொடுக்குமாறு இராக்கின் ஆளுநர் ஸியாதுக்கு அவர்கள் எழுதிய மடலை, அதைக் கொண்டுசென்றவரே பிரித்து இரண்டு இலட்சம் எனத் திருத்திவிட்டார். கணக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே, அரசு மடல்களைக் கட்டி முத்திரையிடுவதற்கென்று ‘தீவானுல் காத்தம்’ என்னும் தனித் துறை ஏற்படுத்தப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

கடிதமும் ஒரு வீடே

முத்திரை புறக்காவல். மார்க்கம் அதற்கு முன்பே உள்ளத்தில் ஒரு காவலை வைத்துவிட்டது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, சலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று சூரத்துந் நூரின் 27ஆம் வசனம் பணிக்கிறது. துருவித் துருவி உளவு பார்ப்பதை சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இருந்த அறைக்குள் ஒருவர் கதவின் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அவர்கள் கடுமையாகக் கண்டித்ததோடு, அனுமதி கேட்கும் சட்டம் வைக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். எட்டிப் பார்த்தவர் உள்ளே கால் வைக்கவில்லை; எதையும் எடுக்கவுமில்லை. பார்த்தது மட்டுமே குற்றமாயிற்று. இந்த நுட்பம் நம் தலைப்பிற்கு மிகவும் முக்கியமானது.

பிறர் கடிதத்தை அனுமதியின்றிப் பார்ப்பவன் நெருப்பைப் பார்ப்பவன் போலாவான் என்ற கருத்துடைய செய்தி ஒன்று அபூதாவூதில் உள்ளது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று அந்த இமாமே குறிப்பிட்டிருக்கிறார். எனவே அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. மேற்கண்ட வசனங்களும் ஆதாரப்பூர்வமான நபிமொழியுமே போதும்.

ஆட்சியாளருக்கும் இந்த வரம்பு உண்டு. ஓர் இரவு மதீனாவின் தெருக்களில் ரோந்து வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டில் விளக்கொளியையும் உயர்ந்த குரல்களையும் கவனித்தார்கள். உள்ளே மது அருந்துகிறார்கள் போலும் என்று அவர்கள் ஐயுற்றபோது, உடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், உளவு பார்ப்பது நமக்குத் தடுக்கப்பட்டதாயிற்றே என்று நினைவூட்டினார்கள். கலீஃபா மறுபேச்சின்றித் திரும்பிச் சென்றார்கள்.

‘அப்படியானால் நாட்டிற்கு ஆபத்து வரும்போதும் கடிதத்தைத் திறக்கக்கூடாதா?’ என்று கேட்கலாம். அதற்கும் நபிவரலாற்றில் விடை உண்டு. மக்கா வெற்றிக்கு முன், முஸ்லிம்களின் படைப் புறப்பாட்டைக் குறைஷியருக்குத் தெரிவித்து ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) ஒரு பெண்ணிடம் மடல் கொடுத்தனுப்பினார். நபி (ஸல்) அவர்கள் அலீ, ஸுபைர், மிக்தாத் (ரலி) ஆகியோரை ‘ரவ்ழத்து காக்’ என்ற இடத்திற்கு அனுப்பி அம்மடலைக் கைப்பற்றச் செய்தார்கள். அங்கு என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என இரண்டையும் கவனியுங்கள். அறியப்பட்ட ஒரு மடல், அறியப்பட்ட ஒரு பயணியிடமிருந்து, உறுதியான ஆபத்தின் காரணமாக எடுக்கப்பட்டது. மக்கா செல்லும் பயணிகள் அனைவரின் மூட்டைகளையும் அவிழ்க்குமாறு கட்டளை பிறக்கவில்லை. மடலை எழுதியவர் அழைக்கப்பட்டார். அவர் தரப்பு கேட்கப்பட்டது. பத்ரில் கலந்துகொண்ட அவருடைய சிறப்பு நினைவுகூரப்பட்டது. இமாம் புகாரி (ரஹ்) இச்சம்பவத்தைப் போரைப் பற்றிய பாடத்தில் கூறுவதோடு நில்லாமல், ‘அனுமதி கோருதல்’ என்னும் நூற்பகுதியிலும் வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு ஆபத்து அஞ்சப்படும் ஒருவரின் மடலை உண்மை தெளிவதற்காகப் பார்ப்பது என்பது அங்கே பாடத்தலைப்பின் கருத்து. கடிதத்தைத் திறப்பது வீட்டினுள் நுழைவதற்கு ஒப்பானது. அனுமதியே விதி, தேவை விலக்கு என்பதை அந்த இடவைப்பே உணர்த்துகிறது.

அஞ்சல் துறையும் உளவுத் துறையும்

பிற்கால அரசுகள் இந்த வரம்பைக் காத்தனவா? நேர்மையோடு சொல்வதானால், எல்லா நேரத்திலும் இல்லை. உமய்யாக்களிடம் வளர்ந்து அப்பாஸியர்களிடம் விரிந்த ‘பரீத்’ என்னும் அஞ்சல் அமைப்பு, நிலையம் தோறும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மாற்றிச் செல்லும் அற்புதமான ஏற்பாடாக இருந்தது. ஆனால் அது அரசின் அஞ்சல். மாகாணந்தோறும் இருந்த ‘ஸாஹிபுல் பரீத்’ என்னும் அஞ்சல் அதிகாரி, ஆளுநரும் நீதிபதியும் வரி அலுவலரும் எப்படி நடக்கிறார்கள் என்று கலீஃபாவுக்கு எழுதும் பணியையும் செய்தார். ஆட்சி நிலைக்கத் தேவையானவர்களுள் இத்தகைய செய்தியாளரும் ஒருவர் என்று கலீஃபா மன்ஸூர் கருதியதாகத் தபரீ பதிவு செய்துள்ளார். அஞ்சலும் ஒற்றும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன.

அதே காலத்தில்தான், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், பாக்தாதின் பேரறிஞர் அல்கிந்தீ மறைகுறியீட்டு மடல்களை உடைத்துப் படிப்பது குறித்து ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதைக் கொண்டு மறைபொருளைக் கண்டறியும் முறையை விளக்கிய, நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. பூட்டும் கலையும் திறக்கும் கலையும் நம் முன்னோரின் சபைகளிலேயே சேர்ந்து வளர்ந்தன என்பதை மறக்கலாகாது. இரகசியம் காப்பதும் குலைப்பதும் ‘அவர்கள்’ செய்யும் வேலை என்று ஒதுங்கிக்கொள்ள நமக்கு இடமில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் 1657ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், நாட்டுக்கு எதிரான சூழ்ச்சிகளைக் கண்டுபிடிக்க அஞ்சல் உதவும் என்பதை, அத்துறை அமைவதற்கான காரணங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே எழுதிவைத்தது. வியன்னா நகரின் அரச இரகசிய அலுவலகம், தூதரகங்களுக்கு வரும் மடல்களைப் பிரித்துப் படியெடுத்து, மீண்டும் முத்திரையிட்டு அனுப்புவதில் பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் பெயர் பெற்றிருந்தது.

பொதுமக்கள் விழித்துக்கொண்டது 1844இல். இத்தாலிய விடுதலைப் போராளி மாஸினி அப்போது இலண்டனில் தஞ்சம் புகுந்திருந்தார். தம் கடிதங்கள் திறக்கப்படுகின்றன என்று ஐயுற்ற அவர், உறைக்குள் கசகசாவையும் மணலையும் தலைமுடியையும் வைத்து அனுப்பச் செய்து சோதித்தார். உறை வந்தது; உள்ளே வைத்தவை வரவில்லை. செய்தி நாடாளுமன்றத்திற்குச் சென்றது. உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரஹாமின் ஆணையின்பேரில் கடிதங்கள் திறக்கப்பட்டன என்பது உறுதியானபோது நாடே கொதித்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1840இல், ஒரு பென்னி செலவில் ஏழையும் கடிதம் எழுதும் முறை அங்கே வந்திருந்தது. எளியவர்களும் அஞ்சலை நம்பத் தொடங்கிய காலத்தில் அந்த நம்பிக்கை உடைந்ததே மக்களின் சினத்திற்குக் காரணம். அஞ்சல் துறைக்குள் இயங்கிய இரகசிய அலுவலகம் அதே ஆண்டில் மூடப்பட்டது.

பட்டில் எழுதிய கடிதம்

நம் நாட்டின் வரலாற்றில், அதிலும் நம் மதரஸாக்களின் வரலாற்றில், மறக்கவொண்ணாத ஒரு மடல் உண்டு. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், 26ஆம் பிரிவின் வழியாக, அஞ்சற் பொருள்களை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியிருந்தது. முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஜூலையில், காபூலில் இருந்த மௌலானா உபைதுல்லாஹ் சிந்தீ, ஹிஜாஸில் இருந்த தம் ஆசிரியர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் அவர்களுக்கு விடுதலைத் திட்டத்தை எழுதியனுப்ப வேண்டியிருந்தது. பிரிட்டிஷாரின் அஞ்சலை நம்ப முடியாது. மஞ்சள் பட்டுத் துணியில் எழுதி, நம்பிக்கைக்குரியவர் எனக் கருதிய ஒருவரிடம் கொடுத்து, சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் உள்ள தோழர் ஒருவரிடம் சேர்க்கச் சொன்னார்.

மடல் அங்கே சேரவில்லை. கொண்டுசென்றவர் வழியில் முல்தானில் தம் பழைய எஜமானர் குடும்பத்திடம் சென்றார். அவர்கள் மூலம் அது பிரிட்டிஷ் ஆணையரின் கைக்குப் போயிற்று. தொடர்ந்து பலர் கைதாயினர். ஷைகுல் ஹிந்த் அவர்கள் ஹிஜாஸில் பிடிக்கப்பட்டு, மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ முதலிய மாணவர்களோடு மால்டா தீவில் 1920 வரை சிறைவைக்கப்பட்டார்கள். நம் இந்திய அஞ்சல் துறை 2013இல் அந்தப் பட்டுக் கடித இயக்கத்தின் நினைவாக ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. பட்டுத்துணி துரோகம் செய்யவில்லை; எழுத்தும் செய்யவில்லை. எழுதியவரும் எதிர்பார்த்தவரும் உறுதியாகவே இருந்தனர். இடையில் சுமந்தவர், தம்மிடம் இருந்தது யாருடைய அமானிதம் என்பதை மறந்தார். விலை கொடுத்தவர்களோ கடிதத்தைத் தொடாதவர்கள்.

விலையில்லாப் பெட்டி

இப்போது நம் காலத்திற்கு வருவோம். 1996 ஜூலை 4 அன்று, இந்தியரான சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் ‘ஹாட்மெயில்’ சேவையைத் தொடங்கினர். எந்த நாட்டில், எந்தக் கணினியில் அமர்ந்தாலும் கட்டணமின்றிக் கடிதம் அனுப்பலாம் என்பது அன்று பெரிய விந்தை. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. யாஹூவும் 1997இல் இலவச அஞ்சலைத் தந்தது. வளைகுடாவில் உழைத்தவர்கள் மாதக்கணக்கில் கடிதத்திற்காகக் காத்திருந்த நிலை மாறியது. இந்த நன்மையை மறுப்பது நன்றிகேடு.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் தன் ‘ஜிமெயிலை’ அறிவித்தது. ஹாட்மெயில் 2 மெகாபைட், யாஹூ 4 மெகாபைட் இடம் தந்த காலத்தில், அது 1 ஜிகாபைட் தந்தது. ஏப்ரல் முட்டாள் தினக் கேலி என்றே பலரும் எண்ணினர். இனி எந்தக் கடிதத்தையும் அழிக்க வேண்டியதில்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால், வரும் கடிதங்களின் சொற்களைக் கணினி நிரல் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் காட்டும் என்பது அதன் ஏற்பாடு. சில நாட்களிலேயே, தனியுரிமைக்காகவும் குடியுரிமைக்காகவும் உழைக்கும் 31 அமைப்புகள் இதை நிறுத்திவைக்கக் கோரிக் கூட்டாகக் கடிதம் எழுதின.

அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுள் ஒன்று எனக்கு மிக ஆழமானதாகத் தோன்றுகிறது. ஜிமெயில் வைத்திருப்பவர் நிபந்தனைகளுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார், சரி. அவருக்குக் கடிதம் எழுதும் மற்றவர் எப்போது ஒப்புதல் தந்தார்? அவருடைய சொற்களும் சேர்த்தல்லவா படிக்கப்படுகின்றன? இது நம் ஃபிக்ஹு நூல்களில் வரும் கேள்வியின் சாயலே: பிறர் உரிமையை அவர் சார்பில் விட்டுக்கொடுக்க எனக்கு என்ன அதிகாரம்?

‘மனிதர் படிக்கவில்லை, இயந்திரம்தான் படிக்கிறது’ என்பது அன்று சொல்லப்பட்ட விடை. பதிமூன்று ஆண்டுகள் நீடித்த அந்த வழக்கத்தை விளம்பரத்திற்காக இனிச் செய்யப்போவதில்லை என்று 2017இல் கூகுளே அறிவித்தது. ஆயினும் அடுத்த ஆண்டே, பயனர் அனுமதித்த வெளிச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் ஊழியர்கள் சிலர், மக்களின் மின்னஞ்சல்களைக் கண்ணாலேயே படித்திருந்தனர் என்று ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ் வெளிப்படுத்தியது.

அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு வந்த கடிதத்தை அஞ்சல்காரரோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, பள்ளிவாசல் ஹஜ்ரத்தோ படித்துக் காட்டுவது வழக்கம். குடும்பத்தின் கடனும் கண்ணீரும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அதே தெருவில் வாழ்பவர்கள், படைத்தவனுக்கு அஞ்சுபவர்கள், நாளடைவில் மறந்தும் போவார்கள். இயந்திரத்திற்கு வெட்கமும் இல்லை, மறதியும் இல்லை. இருபது ஆண்டுக் கடிதங்களை ஒரு நொடியில் வரிசைப்படுத்தி, நம்மைப் பற்றி நாமே அறியாத ஒரு சித்திரத்தை வரைய அதனால் முடியும். எட்டிப் பார்த்தலைக் குற்றமாக்கிய மார்க்கம், எட்டிப் பார்ப்பது கண்ணா கருவியா என்பதைக் கொண்டா தீர்ப்பளிக்கும்?

அரசுகள் இந்தப் பெட்டகங்களை நாடிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 180 நாட்களுக்கு மேல் சேவையாளரிடம் கிடக்கும் மின்னஞ்சலை நீதிமன்றப் பிடியாணை இன்றியே அரசு பெற வழிவிட்டது. அன்று சேமிப்பிடம் அரிது. ஆறு மாதமாக எடுக்கப்படாத கடிதம் கைவிடப்பட்டதுதானே என்பது அதன் கணக்கு. வழியில் கண்டெடுத்த பணப்பையைக்கூட ஓராண்டு அறிவிப்புச் செய்து உரியவரைத் தேடச் சொல்லும் ஷரீஅத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2010இல்தான் அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மின்னஞ்சலைப் பெறவும் பிடியாணை தேவை என்று தீர்ப்பளித்தது.

சீனாவில், தியானன்மென் நிகழ்வின் 15ஆம் ஆண்டை ஒட்டி ஊடகங்களுக்கு அரசு விடுத்த அறிவுறுத்தலை, பத்திரிகையாளர் ஷீ தாவோ 2004இல் தம் யாஹூ அஞ்சல் வழியாக வெளிநாட்டிற்கு அனுப்பினார். யாஹூ தந்த விவரங்கள் அவரை அடையாளம் காண உதவின. 2005இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், அந்நிறுவனத் தலைவர் அவருடைய தாயிடம் மன்னிப்புக் கோரினார்.

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ முதலிய நிறுவனங்களிடமிருந்து அமெரிக்க உளவுத்துறை தகவல் பெறும் ‘பிரிஸம்’ திட்டத்தை உலகிற்குக் காட்டின. மறு ஆண்டு, அதே ஆவணங்களின் அடிப்படையில், அமெரிக்க முஸ்லிம் அமைப்பு ஒன்றின் தலைவர், வழக்குரைஞர், பேராசிரியர்கள் உள்ளிட்ட ஐந்து பிரமுகர்களின் மின்னஞ்சல்கள் கண்காணிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று.

அரசும் நிறுவனமும் தவிர மூன்றாமவர் ஒருவரும் உண்டு, அவர் திருடர். 2013இல் யாஹூவின் ஏறத்தாழ 300 கோடிக் கணக்குகளின் விவரங்கள், அதாவது அன்றிருந்த எல்லாக் கணக்குகளின் விவரங்களும், களவாடப்பட்டன. களவின் முழு அளவை அந்நிறுவனம் உலகிற்குச் சொன்னது 2017இல்.

‘ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?’

இவற்றைச் சொன்னால் நம் சகோதரர்கள் பலர் புன்னகையோடு கேட்பது இதுதான்: “ஹஜ்ரத், நான் தவறு செய்யவில்லை. படித்தால் படித்துவிட்டுப் போகட்டுமே!”

இதற்கு முதல் விடை: மார்க்கம் அந்தரங்கத்தைக் குற்றவாளிக்கான மறைவிடமாகக் கருதவில்லை. குற்றமற்ற வீட்டிற்கும் கதவு உண்டு. சூரத்துந் நூர் மூன்று நேரங்களைக் குறிப்பிட்டு, வீட்டிலுள்ள சிறுவரும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. அறைக்குள் இருப்பவர்கள் தாயும் தந்தையும்தாம்.

இரண்டாம் விடையே முக்கியமானது. உங்கள் அஞ்சற்பெட்டியில் இருப்பவை உங்கள் இரகசியங்கள் மட்டுமல்ல. அண்ணன் எழுதிய கடன் விவரம், தங்கையின் மருத்துவ அறிக்கை, நண்பர் தம் மணவாழ்வின் நோவைக் கொட்டி எழுதிய கடிதம் ஆகியவையும் அங்கேயே இருக்கின்றன. உங்களுடையதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். அவர்களுடையதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அச்செய்தி அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலே போதும். மின்னஞ்சலில் அந்தக் கழுத்தின் அசைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அமானிதம் இல்லையென்று ஆகிவிடாது.

இங்கேதான் நம் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் சிந்திக்க வேண்டும். நிக்காஹ் பதிவுக்கான ஆவணங்கள், தலாக், குலா வழக்குகளின் மனுக்கள், ஜகாத் கேட்டு வரும் விண்ணப்பங்கள், ஆதார் அட்டையின் படிகள், யதீம் பிள்ளைகளின் புகைப்படங்கள், நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள் எல்லாம் இன்று யாரோ ஒரு பொறுப்பாளரின் சொந்த இலவச அஞ்சற்பெட்டிக்கே வருகின்றன. அவர் பதவி விலகினாலும் அவை அவரிடமே கிடக்கின்றன. தன் வறுமையை ஊரறியாமல் காக்க விரும்பிய விதவை, ஜமாஅத்தை நம்பி எழுதிய விண்ணப்பம் அது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தைப் போற்றும் மார்க்கத்தில், வாங்கிய கையின் விவரத்தை நாம் உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ள கணினியில் காலமெல்லாம் விட்டுவைத்திருக்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

இலவச மின்னஞ்சலைப் பயன்படுத்துவது ஆகாது என்று இக்கட்டுரை சொல்ல வரவில்லை. இது ஃபத்வாவும் அன்று. அமானிதத்தைச் சுமப்பவர்கள் அதற்குரிய கவனத்தோடு சுமக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஜமாஅத்திற்கென்று தனி அஞ்சல் முகவரி இருக்கட்டும். பைத்துல்மால் சாவியைப் போல் அதன் கடவுச்சொல்லும் பொறுப்பாளர் மாறும்போது முறையாகக் கைமாறட்டும். மீட்பிற்காகக் கொடுத்த தொலைபேசி எண்ணும் மாற்றப்படட்டும். கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சேவைகள் இதைக் கட்டணமின்றியே தருகின்றன.

ஜகாத் விண்ணப்பத்தையும் ஆதார் படியையும் இயன்றவரை நேரில் வாங்குங்கள். அஞ்சலில் வந்தால், வேலை முடிந்ததும் வந்த பெட்டி, அனுப்பிய பெட்டி, குப்பைத் தொட்டி மூன்றிலிருந்தும் நீக்குங்கள். எதையும் அழிக்க வேண்டாம் என்பது விற்பவரின் வசதிக்கான சொல். தேவை முடிந்த அமானிதத்தை நீக்கிவிடுவதே காப்பவரின் கடமை. உங்கள் அஞ்சலைப் படிக்க எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று அமைப்புகளில் பார்த்து, தேவையற்றதை விலக்குங்கள். பயன்படுத்தாத பழைய கணக்குகளை முறையாக மூடுங்கள்.

மிக அந்தரங்கமானவற்றிற்கு, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் சேவைகள் உள்ளன. 1991இல் ஃபில் ஸிம்மர்மன் என்பவர் ‘பிஜிபி’ என்னும் மென்பொருளை வெளியிட்டது முதல் இக்கலை பொதுமக்களின் கைக்கு வந்துவிட்டது. அல்கிந்தீயின் சமுதாயம் இதைக் கற்கத் தயங்கலாகாது. ஆனால் மறையாக்கம் கடிதத்தின் உள்ளடக்கத்தைக் காக்குமே தவிர, யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை முழுதும் மறைக்காது. சில சொற்களை நேரில் சந்தித்துப் பேசுவதே நலம்.

சட்டமும் நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது; அது அரசுக்குப் பரந்த விலக்குகளைத் தந்திருப்பதாக விமர்சனமும் உண்டு. பிறரின் விவரங்களைத் திரட்டும் அமைப்புகளுக்குக் கடமைகளையும் அச்சட்டம் விதிக்கிறது. நம் ஜமாஅத் நிர்வாகங்கள் அதை ஒருமுறையேனும் படித்தறிவது நல்லது.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கணக்கு வழக்குகள் வாசிக்கப்படும்போது, ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: ‘நம்மிடம் வந்த ஏழைகளின் விண்ணப்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றை யாரெல்லாம் திறக்க முடியும்?’ பணத்திற்குக் கணக்குக் கேட்கும் சபை, மானத்திற்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவாறு காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. மறுமையில் நம் குறைகளை அவன் மறைப்பானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.